மாப்பிள்ளைக்குச் சொதி பிடிக்கும்

கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுப் பந்தியில் உட்கார்ந்து குமரகுருபரன் ஒரு வார்த்தை சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காகச் சுகிர்தா ஒரு மாதத்துக்கு மேலாகத் தேங்காய்ப் பாலில் மிதந்துகொண்டிருந்தாள்.

திருநெல்வேலிச் சைவ வீடுகளில் மறுவீட்டுக்குச் சொதி வைப்பது மாற்ற முடியாத சட்டம். தேங்காயைத் துருவி மூன்று தடவை பால் எடுத்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, பாசிப்பருப்பைச் சேர்த்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்துவிட்டு, கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றி, கொதித்துவிடாமல் இறக்கி எலுமிச்சம்பழம் பிழிவார்கள். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குக் காரக்கறி. அருமையான சாப்பாடுதான், யார் இல்லை என்றது? வருஷத்துக்கு இரண்டு தடவை சாப்பிட்டால் அருமை.

அன்றைக்குச் சுகிர்தாவின் அம்மா ராஜராஜேஸ்வரி சொதி வாளியோடு புது மாப்பிள்ளையின் இலைக்கு முன்னால் குனிந்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ரொம்ப நல்லாயிருக்கு என்றான் குமரகுருபரன். அம்மா இரண்டு கரண்டி ஊற்றினாள். அதோடு விட்டிருக்கலாம். "எனக்குச் சொதின்னா ரொம்பப் பிடிக்கும் அத்தை" என்று சேர்த்துக்கொண்டான்.

பாவம், நாக்பூரில் பெரியப்பா வீட்டில் வளர்ந்தவன். வங்கி வேலையில் பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இந்த ஊரில் விருந்தாளி ஒரு பண்டத்தைப் புகழ்ந்தால் அதை மறுபடி கேட்கிறான் என்று அர்த்தம் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? பந்தி எழுந்து வெற்றிலை போடுவதற்குள் மாப்பிள்ளைக்குச் சொதி பிடிக்கும் என்ற செய்தி மண்டபத்தைத் தாண்டிவிட்டது. அன்று மாலைக்குள் பேட்டைச் சித்தப்பாவுக்குத் தெரிந்தது. மறுநாள் தொலைபேசியில் சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் போய்விட்டது. புது ஜோடியை விருந்துக்கு அழைக்கக் காத்திருந்தவை தாய்வீட்டையும் சேர்த்துப் பதிமூன்று வீடுகள். பதிமூன்று வீட்டிலும் அம்மிக்குப் பக்கத்தில் தேங்காய் உடைபட்டது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே காட்சி. இலை போடுவார்கள். பெரிய ரகசியத்தைச் சொல்வது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளைக்குப் பிடிக்குமேன்னு சொதி வச்சிருக்கேன்" என்பார்கள். குமரகுருபரன் முகம் மலர்வான். சாப்பிடுவான். எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். நல்லாயிருக்கு என்பான். மறுபடி ஊற்றுவார்கள். பேட்டையில் அடிப்பிடித்த சொதி, நல்லாயிருக்கு. சேரன்மகாதேவியில் அவசரத்தில் கொதித்துத் திரிந்துபோன சொதி, அதுவும் நல்லாயிருக்கு. ஒரு வீட்டில் எலுமிச்சம்பழம் பிழியவே மறந்துவிட்டார்கள். சுகிர்தா தன் இலையிலிருந்து நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்தாள். ஒரு சுளிப்பு, ஒரு தயக்கம், ஒரு வாய்த் தண்ணீர் கூடுதலாக? ஒன்றும் கிடையாது. சின்னப் புன்னகையோடு, நல்லாயிருக்கு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் பிறந்து வளர்ந்த வீடு அப்படிப்பட்டது. அப்பா சங்கரசுப்பிரமணியன் பள்ளிக்கூடங்களை ஆய்வு செய்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஆய்வு செய்ய வீட்டுச் சமையலைத் தவிர வேறொன்றும் அவருக்கு மிஞ்சவில்லை. முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கண்ணை மூடுவார். ரசத்தில் மிளகு தூங்குகிறது என்பார். அவியலில் சீரகம் முன்னால் வந்து நிற்கிறது என்பார். அடுக்களையிலிருந்து அம்மா, தூங்குகிற மிளகை நீங்களே வந்து எழுப்பிக்கொள்ளுங்கள் என்று பதில் சொல்வாள். இரண்டு வேளையும் இந்தச் சண்டை நடக்கும். சண்டை முடியும்போது சட்டியில் பருக்கை இருக்காது. வெள்ளிக்கிழமை உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் செய்தால், துவையலில் எள் ஒரு பொரி கூடுதலாக வறுபட்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நான்காவது முறை கையை நீட்டுவார். சாப்பிடுவது என்றால் சுகிர்தாவுக்கு அதுதான். வாய்க்குள் போனதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேச வேண்டாமா? நல்லாயிருக்கு என்பதெல்லாம் பேச்சா?

பெருமாள்புரத்தில் வாடகை வீட்டில் குடித்தனம் தொடங்கிய முதல் நாள் காலையில் அவள் செய்த உப்புமாவில் கைமறதியாக உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வங்கிக்குப் போனான். பிறகு அவள் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டுத் துப்பினாள். அன்று அவளுக்கு வந்தது வெட்கம்தான். நல்ல மனசு, புதுப் பெண்டாட்டியை நோகடிக்க வேண்டாம் என்று சாப்பிட்டிருக்கிறான் என்று நினைத்தாள். பத்து நாள் கழித்துத்தான் பெண் பார்த்த அன்றைய காப்பி ஞாபகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு நிம்மதி போயிற்று.

பங்குனியில் பெரியப்பாவோடு அவன் பெண் பார்க்க வந்தான். கூடத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டான். நல்லாயிருக்கு என்றான். சுகிர்தா காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றான். அவர்கள் கிளம்பும்போது வாசலில் பெரியப்பா குரலைத் தாழ்த்தி, பொண்ணு எப்படிப்பா என்று கேட்டது ஜன்னலுக்குப் பின்னால் நின்ற அவளுக்குக் கேட்டது. "நல்ல பொண்ணு பெரியப்பா." அன்றைக்கு அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். ஆனால் அவர்கள் போன பிறகு மிச்சக் காப்பியை அம்மா குடித்துப் பார்த்து, ஐயையோ, சர்க்கரையே போடவில்லையே என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்போது எல்லாரும் சிரித்தார்கள். சுகிர்தாவும் சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. சர்க்கரை இல்லாத காப்பியை எந்தக் குரலில் சொன்னானோ, அதே குரலில்தானே அவளையும் சொன்னான்? அதே புன்னகைதானே? நோகடிக்க வேண்டாம் என்று திரிந்த சொதியைச் சாப்பிடுகிறவன், நோகடிக்க வேண்டாம் என்று ஒரு பெண்ணைக் கட்டியிருக்க மாட்டானா? இதை யாரிடம் போய்க் கேட்பது? அவனிடமே கேட்டாலும் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகுதான் அவள் வேண்டுமென்றே செய்ய ஆரம்பித்தாள். கல்லூரி விடுதியில் சிநேகிதிகளோடு இரண்டு நிமிஷ நூடுல்ஸ் செய்து தின்ற கை அது. தண்ணீர் அளவு, மசாலாப் பொட்டலத்தை எப்போது கிழிப்பது, நீர் வற்றும்போது எழும் அந்த மணம், எல்லாம் அத்துப்படி. அதே நூடுல்ஸை இருபது நிமிஷம் கொதிக்கவிட்டுக் கூழாக்கித் தட்டில் ஊற்றினாள். அவன் கரண்டியால் அள்ளிக் குடித்தான். இன்னொரு நாள் பாக்கெட் மாவில் இட்லி அவித்தாள். மாவு விற்றவனே ஏற்றுக்கொள்ள மாட்டான், அப்படி ஒரு இட்லி. ஒரு நாள் ஒன்றுமே செய்யாமல் ரொட்டியும் ஜாமும் வைத்தாள். மறுநாளும் ரொட்டியும் ஜாமும். மூன்றாம் நாளும் அதையே வைத்துவிட்டு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நல்லாயிருக்கு என்றான். கொஞ்சம் வெண்ணெய் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

அவன் வங்கிக்குப் போன பிறகு மதியத்தில் அவள் தனியாக உட்கார்ந்து பழைய சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து, மோர்மிளகாயைப் பொரித்துக் கடித்துக்கொண்டு சாப்பிடுவாள். அதில் உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தால், உப்புத் தூக்கல் என்று வெறும் அடுக்களையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வாள். சொன்னால்தான் அவளுக்குச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

ஒரு நாள் அவனுடைய துணிகளை மடித்து வைக்கும்போது அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் ஓமத் திரவப் பாட்டில் ஒன்று கிடைத்தது. முக்கால் பாகம் காலி. அதற்கும் பின்னால் இன்னொரு பாட்டில், முழுக்கக் காலி. விருந்துக்குப் போய்வந்த நாளெல்லாம் அவன் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, சொல்லவும் மாட்டான். பாட்டிலை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் நடுவில் வைத்தாள். மாலையில் வந்தவன் அதைப் பார்த்தான். தண்ணீர்ச் செம்புக்கு இடம் விட்டு ஒதுக்கி வைத்தான். அன்றைக்கு வெந்தயக் குழம்பு. நல்லாயிருக்கு என்றான்.

டவுனில் தாய்வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மாவுக்கு இது ஒரு குறையாகவே படவில்லை. அம்மா பூரித்துத்தான் போனாள்.

"தங்கமான மாப்பிள்ளை. சோத்துல ஒரு குத்தம் சொல்லுதாரா? உங்க அப்பாவைக் கட்டிக்கிட்டு முப்பது வருசமா நான் படுத பாடு உனக்குத் தெரியாதாக்கும்."

"அப்பா குத்தம் சொல்லுதாகன்னா வாயில வச்சதை ருசிச்சாகன்னு அர்த்தம். இவுக ருசிக்குதாகளான்னே தெரியலியேம்மா."

அம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கொழுப்பு என்றாள். ஊரில் ஒவ்வொருத்தி ஒவ்வொரு விதமாகக் கஷ்டப்படும்போது, புருஷன் சாப்பாட்டைப் புகழ்கிறான் என்று அழுகிற முதல் பெண் நீதான் என்றாள். பிறகு டப்பாவில் சொதி ஊற்றி, மாப்பிள்ளைக்குக் கொடு என்று கையில் கொடுத்து அனுப்பினாள். பஸ்ஸில் அது மூடி திறந்து சுகிர்தாவின் புடவையில் பாதி கொட்டியது. அவள் வாய்விட்டு என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் பெரியம்மா ஆவுடைத்தாய் வீட்டில் விருந்து. அம்மாவுக்கு மூத்தவள், கைராசிக்காரி, மனதில் பட்டதைப் பட்டென்று பேசுகிறவள். அது பன்னிரண்டாவது சொதி. பெரியம்மா வைத்தது உண்மையிலேயே நல்ல சொதி. ஆனால் பதினொன்றைத் தாங்கிய வயிற்றுக்கு நல்லது கெட்டது தெரியுமா? பெரியம்மா ஊற்ற ஊற்றக் குமரகுருபரன் மூன்று தடவை வாங்கிக்கொண்டான். பிற்பகல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். வீரவநல்லூர் தாண்டியதும் முகம் வெளுத்து எழுந்தான். நடத்துநரிடம் ஏதோ சொன்னான். பஸ் நின்றது. வாய்க்கால் கரையில் ஒரு மருத மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது.

வாயைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் சுகிர்தா மெதுவாகக் கேட்டாள், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா என்று.

"இல்லை, பெரிய அத்தை வச்ச சொதி நல்லாத்தான் இருந்தது" என்றான்.

அவள் பஸ் என்று பார்க்கவில்லை. சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. வாந்தி எடுத்த வாயால் நல்லாயிருந்தது என்று சொல்லுகிற மனுஷனை இந்த உலகத்தில் எங்காவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பி, இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். குமரகுருபரன் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தான். சேரன்மகாதேவி வந்த பிறகுதான் பேசினான். அவனுக்கு ஏழு வயதில் அம்மா தவறிவிட்டாள். அவனை வளர்த்த நாக்பூர்ப் பெரியம்மா நல்லவள்தான், அடிக்க மாட்டாள், திட்டவும் மாட்டாள். ஆனால் சாப்பாட்டில் ஒரு குறை சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவள் சாப்பிட மாட்டாள். பெரியப்பாவும் சாப்பிட மாட்டார். வீடே பட்டினி கிடக்கும். ஒரே ஒரு தடவை பருப்பில் கல் என்று சொல்லி அப்படி ஆயிற்று. அதற்குப் பிறகு கல்லையும் விழுங்கப் பழகிக்கொண்டான்.

"சோறு போட்டவங்க மனசு கஷ்டப்படக்கூடாதுல்ல" என்றான்.

"எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கட்டுமே. அதுக்குத்தானே கட்டிக்கிட்டு வந்திருக்கேன். எதையாவது ஒண்ணைப் பிடிக்கலைன்னு உங்களால சொல்ல முடியுமா, முடியாதா?"

அவன் யோசித்தான். முயற்சி பண்ணுகிறேன் என்றான். அதையும் அதே பணிவோடு சொன்னான். சுகிர்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன்மேல் பாவமாகவும் இருந்தது, கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது. ஏழு வயதுப் பிள்ளையை நினைத்துக் கண் கலங்கியது. ஆனால் அவள் கேள்விக்கு அதில் பதில் இல்லையே? கல்லையே விழுங்கப் பழகியவன் என்றால் பயம் இன்னும் கூடத்தான் செய்கிறது.

மூன்றே நாளில் ஆடி பிறக்க இருந்தது. புதுப் பெண்ணை ஆடி மாதம் முழுக்கத் தாய்வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். ஆடி முதல் நாள் மாப்பிள்ளையை அழைத்து, புதுவேட்டி கொடுத்து, வெல்லமும் ஏலக்காயும் போட்ட தேங்காய்ப் பாலை வெள்ளி டம்ளரில் கொடுத்து, விருந்து போட்டு, மாலையில் அவனைத் தனியாக அனுப்பிவைப்பார்கள். பெண் பின்தங்கிவிடுவாள். புறப்படும் முன் மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்பது ஒரு மரியாதை. அதற்குச் சரி என்ற பதிலைத் தவிர வேறு பதில் இருப்பதாகவே இதுவரை யாரும் நினைத்ததில்லை.

சுகிர்தா பெட்டியில் துணி அடுக்கும்போதே முடிவு பண்ணிவிட்டாள். இதற்கும் அந்தப் புன்னகையோடு நல்லது மாமா என்று சொன்னானானால், ஆவணி பிறந்தாலும் அவள் பெருமாள்புரத்துக்குத் திரும்புவதாக இல்லை. அவனாக வந்து, நீ இல்லாமல் முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்லுகிறவரை டவுனிலேயே இருப்பாள். சொல்லாவிட்டால் சொல்லாமலே போகட்டும். ஒரு மாதத்துக்கு வேண்டியதைவிட நான்கு புடவை கூடுதலாகவே எடுத்து வைத்தாள். பெட்டி கனமாக இருக்கிறதே என்று அவன் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு நடந்தான்.

ஆடி ஒன்று. டவுன் வீட்டில் பெரியம்மா ஆவுடைத்தாயும் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தாள். அடுக்களையில் பதிமூன்றாவது சொதி தயாராக இருந்தது. அதற்கு முன்னால் வெள்ளி டம்ளர் வந்தது. குமரகுருபரன் புதுவேட்டியைக் கட்டிக்கொண்டு கூடத்தில் பலகையில் உட்கார்ந்து டம்ளரை வாங்கி, அதற்குள் பார்த்தான். வெள்ளை வெளேரென்று தேங்காய்ப் பால். சுகிர்தா அடுக்களை நிலைக்குப் பின்னால் உருளைக்கிழங்குத் தட்டோடு நின்றாள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சுகிர்தா இந்த ஒரு மாசம் இங்கன இருக்கட்டும் மாப்பிள்ளை. நீங்க ஞாயித்துக்கிழமைதோறும் வந்து சாப்பிட்டுட்டுப் போங்க. உங்களுக்குச் சம்மதந்தானே?"

குமரகுருபரன் டம்ளரைக் கீழே வைத்தான். புன்னகை வந்தது, அப்படியே நின்றது, பிறகு போய்விட்டது. "எனக்குச் சம்மதம் இல்லை மாமா" என்றான்.

அம்மாவின் கையிலிருந்த கரண்டி வாளிக்கு மேல் அந்தரத்தில் நின்றது. அப்பா தன் வாழ்நாளில் எத்தனையோ ஆசிரியர்களைக் கேள்வி கேட்டவர், பதில் தெரியாமல் விழித்ததில்லை. அன்றைக்கு விழித்தார். குமரகுருபரன் மேலும் கேட்டான், எதற்காக ஒரு மாதம் என்று. அது வழக்கம் என்றார் அப்பா. எதற்காக அப்படி ஒரு வழக்கம் என்றான். அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நாக்பூரில் வளர்ந்தவனுக்கு நிஜமாகவே தெரியாது. அப்பா நாட்காட்டியைப் பார்த்தார். அம்மா சொதியைப் பார்த்தாள். அந்தக் காரணத்தை மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சுகிர்தாவுக்கு வெட்கத்தில் காது எரிந்தது. தட்டிலிருந்து இரண்டு கிழங்கு கீழே உருண்டது.

பெரியம்மாதான் பொறுக்கமாட்டாமல் சொன்னாள். "இந்த மாசம் சேந்து இருந்தா சித்திரையில புள்ள பொறக்கும் மாப்பிள்ளை. வெயிலு தாங்காது. அதான், வேறொண்ணுமில்ல."

குமரகுருபரன் கழுத்து வரை சிவந்தான். தலையைக் குனிந்துகொண்டான். அதோடு சரி, அடங்கிவிட்டான் என்று சுகிர்தா கண்ணை மூடினாள். ஆனால் அவன் குனிந்தபடியே பேசினான்.

"நான் பொறந்ததே சித்திரைதான் பெரிய அத்தை. நாக்பூர்ல. அங்க அடிக்கிற வெயில் இங்க பாதிகூட இல்லை."

பெரியம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். கடைசியில் பெரியம்மா ஒரு வழி சொன்னாள். வழக்கத்தையும் விட வேண்டாம், மாப்பிள்ளை மனசையும் நோகடிக்க வேண்டாம், பெண் மூன்று நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். அப்பா மாப்பிள்ளையைப் பார்க்காமல் சரி என்றார். குமரகுருபரனும் சரி என்றான். விட்டால் போதும் என்று அம்மா ஓடிவந்து இலையைப் போட்டுச் சோற்றைப் பரிமாறிச் சொதி வாளியைச் சாய்த்தாள். அவன் இலைக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டான். சொதி வேண்டாம், கொஞ்சம் ரசம் இருந்தால் போடுங்கள் என்றான். ரசம் வைக்கவே இல்லை. ஆடி விருந்தில் மாப்பிள்ளை இஞ்சிப் பச்சடியும் அப்பளமும் மோருமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்தது அந்த வீட்டுச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

கொல்லைப்புறத்தில் அவன் கை கழுவிக்கொண்டிருந்தபோது சுகிர்தா துண்டை எடுத்துக்கொண்டு போனாள். சந்தோஷத்தில் பறந்துபோயிருக்க வேண்டியவள். ஆனால் பாழாய்ப்போன மனசு வழியிலேயே இன்னொரு முடிச்சைப் போட்டுவிட்டது. மூன்று நாள் முன்னால் பஸ்ஸில் கத்தியது அவள்தானே? எதையாவது பிடிக்கவில்லை என்று சொல்லச் சொன்னவள் அவள்தானே? முயற்சி பண்ணுகிறேன் என்று சொன்னவன், சொன்னபடி முயற்சி பண்ணியிருக்கிறான். அவள் மனசு கஷ்டப்படக்கூடாது என்று இதையும் செய்திருக்கிறான். அப்படியானால் இதுவும் இன்னொரு நல்லாயிருக்குதானே?

"நெசமாத்தான் சொன்னீகளா? இல்ல, நான் அன்னைக்குக் கத்துனேன்னு எனக்காகச் சொன்னீகளா?"

அவன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் இதுவரை அவள் பார்க்காத ஒன்று இருந்தது. பேச ஆரம்பித்தான், நிறுத்தவில்லை. முதல் நாள் உப்புமாவில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. நூடுல்ஸ் கூழாக இருந்தது. இட்லியைப் பற்றிப் பேச அவனுக்கு இஷ்டமில்லை. வெந்தயக் குழம்பில் வெந்தயம் கருகிவிட்டது, அது ஒரு தடவை இல்லை, மூன்று தடவையும். மிளகாய்ப்பொடிக்கு ஊற்றுகிற எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது. அவளுடைய காப்பி காப்பியே இல்லை, பாலில் அலசிய தண்ணீர். ஒன்றுவிடாமல், நாள் கிழமையோடு சொன்னான். அத்தனையையும் ருசித்திருக்கிறான். அத்தனையையும் இத்தனை நாள் வயிற்றோடு வைத்திருந்திருக்கிறான்.

நூடுல்ஸையும் இட்லியையும் அவள் தாங்கிக்கொண்டாள், அது வேண்டுமென்றே செய்தது. வெந்தயக் குழம்பு மனசாரச் செய்தது. காப்பியோ, அவள் கைக்காப்பியைத் தெருவே புகழும். அவளுக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது.

"காப்பி நான் நல்லாத்தான் போடுதேன்" என்றாள்.

"இல்லை" என்றான்.

"அப்படி மோசமா ஆக்கிப்போடுதவளை எதுக்குத் திரும்பக் கூப்பிடுதீக? ஒரு மாசம் நிம்மதியா மெஸ்ல போய்ச் சாப்பிடுங்களேன்."

குமரகுருபரன் குழாயைத் திருகி நிறுத்தினான். அவள் நீட்டிய துண்டை வாங்காமல் ஈரக் கையை உதறினான். தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது.

"சாப்பாட்டுக்காகவா உன்னைக் கூப்பிடறேன்?"

கத்தினான் என்றே சொல்லலாம். அவன் அவளிடம் எரிந்து விழுந்தது கல்யாணமாகி அதுதான் முதல் தடவை. சுகிர்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, காப்பியைச் சொன்ன கோபமும் போகவில்லை. துண்டை அவன் தோளில் எறிந்துவிட்டு உள்ளே போனாள். மூன்று நாளெல்லாம் கிடையாது, நான் சாயங்காலமே அவரோடு கிளம்புகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்தாள்.